அண்ணன் ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி, நடுவுல ஒரு ஆர்டிஐ மனு

கடிதம் நீளமா இருந்ததால சுருக்கி போடுறேன்:

"சார் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு ஊராட்சி எங்களது. அண்ணன் ஒரு கட்சியில கிளை செயலாளர், தாய்மாமா அதுக்கு நேர் எதிர் கட்சியில ஒன்றிய பொறுப்பு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தினமும் சண்டை. ஒருத்தர் சிஏஜி (இந்திய தலைமை கணக்கு தணிக்கையாளர்) ரிப்போர்ட்னு ஒரு நம்பர் போடுவாரு, இன்னொருத்தர் பதிலுக்கு இன்னொரு சிஏஜி நம்பர் போடுவாரு. எது உண்மை, எது திருட்டுன்னே புரியல. இதுக்கு நடுவுல எங்க தெருவுல 2023ல போட்ட பேவர் பிளாக் ரோடு ஒரு மழைக்காலம் தாங்கல, பல்லு பல்லா பேந்து நிக்குது. தகவல் அறியும் உரிமை சட்டத்துல ஆர்டிஐ மனு போடலாம்னு வீட்ல சொன்னேன். அண்ணன் 'மாமா சொல்லி குடுத்தாரா'ன்னு கேட்டாரு. மாமா 'போடு மாப்ள போடு, காப்பி மட்டும் முதல்ல என்கிட்ட குடு'ங்கிறாரு. எனக்கு ரெண்டு கட்சியும் வேணாம் சார். யார் பக்கமும் சாயாம கணக்கு கேட்க வழி இருக்கா? சிஏஜி நஷ்டம்னு சொன்னா அது கொள்ளைன்னு எடுத்துக்கலாமா?"

தம்பி, எந்த கட்சி எந்த கட்சின்னு நீங்க எழுதல, நல்லது, நானும் கேட்கல. தணிக்கை துறையில இருந்து ரிட்டயர் ஆனவன் நான், ஆட்சி மாறும்போதெல்லாம் ஆபீஸ் சுவத்துல போட்டோ மாறும், எங்க டேபிளுக்கு வர்ற ஃபைல்ல இருக்குற கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அதனால எனக்கு பேர் தெரியாம இருந்தா தான் பதில் சொல்ல வசதி.

முதல்ல அந்த நஷ்ட கணக்கு. சிஏஜி ரிப்போர்ட்ல ஒரு தொகை வந்துட்டா டிவில எல்லாத்துக்கும் ஒரே தலைப்பு தான், "இத்தனை கோடி ஊழல்". ஆனா உள்ள வர்ற தொகையில பல ஜாதி இருக்கு. ஆஸ்பத்திரி கட்டடம் கட்டி முடிச்சு கரண்ட் கனெக்‌ஷன் வாங்காம மூணு வருஷம் பூட்டி வச்சிருந்தா அது முடங்கி கிடக்குற பணம். கான்ட்ராக்டருக்கு ரேட்டுக்கு மேல குடுத்திருந்தா அது அதிகப்படி பட்டுவாடா, அதை திரும்ப வசூல் பண்ணலாம். வாங்க வேண்டிய வரியையோ டெபாசிட்டையோ வாங்காம விட்டது ஒரு ரகம். இப்படி பண்ணாம அப்படி பண்ணியிருந்தா இவ்வளவு வந்திருக்குமேன்னு ஊகமா போடுற கணக்கு இன்னொரு ரகம். கையாடல்னா கேஷ் புக்ல இருக்குற பணம் பெட்டியில இல்லன்னு அர்த்தம், அது தனி ரகம், பெரும்பாலும் சின்ன தொகையா தான் இருக்கும், ஆனா அதுதான் சந்தேகத்துக்கே இடமில்லாத திருட்டு. வேடிக்கை என்னன்னா பெரிய தொகைய வச்சு தான் எல்லாரும் அடிச்சுக்குறாங்க, நிச்சயமான திருட்டு ஏதோ ஒரு பாரால 4 லட்சம்னு ஓரமா கிடக்கும், அதை எவனும் ஃபார்வர்டு பண்ண மாட்டான்.

டெல்லி மதுபான கொள்கை ரிப்போர்ட்ட எடுத்துக்கோங்க, 2025 பிப்ரவரி 25ல சட்டசபையில வச்சாங்க, 2,002.68 கோடி நஷ்டம்னு எல்லா சேனல்லயும் ஓடுச்சு. அதுல 941.53 கோடி எப்படி வருதுன்னா, மாஸ்டர் பிளான்படி கடை திறக்க கூடாத ஏரியாவுக்கும் சேர்த்து லைசென்ஸ் குடுத்துட்டு அதுக்கு வேண்டிய அனுமதிய நேரத்துக்கு வாங்கல, அதனால வராம போன வருமானம். 890.15 கோடி, லைசென்ஸ திருப்பி ஒப்படைச்சுட்டு போனவங்க இடத்துக்கு மறுபடி டெண்டர் விடாததால. 144 கோடி கொரோனான்னு சொல்லி ஃபீஸ தள்ளுபடி பண்ணது, 27 கோடி டெபாசிட் சரியா வாங்காதது. கூட்டி பாருங்க, சரியா வரும். இந்த நாலு வரியில "இன்னார் இவ்வளவு எடுத்துக்கிட்டார்"னு எங்கயும் இல்ல. அதுக்காக நடந்தது சரின்னு சொல்லல, தள்ளுபடிய யார் கேட்டாங்க, யார் கையெழுத்து போட்டாங்க, நிதித்துறை வேணாம்னு எழுதியிருந்ததா, இதெல்லாம் நியாயமான கேள்வி. லஞ்சம் கைமாறுச்சான்னு கண்டுபிடிக்கிறது போலீஸ் வேலை, கோர்ட் வேலை. தணிக்கைக்காரன் கையில இருக்குறது ஃபைல் மட்டும் தான், ஒருத்தர் வீட்டு பீரோவ திறந்து பார்க்குற அதிகாரம் அவனுக்கு கிடையாது.

இதே மாதிரி பீகார்ல ஒண்ணு நடந்துச்சு, 2025 ஜூலை, எலக்‌ஷனுக்கு முன்னாடி. 70,877 கோடிக்கு பயன்பாட்டு சான்றிதழ் வரலன்னு சிஏஜி எழுதியிருந்தாங்க, உடனே எதிர்க்கட்சி "எழுபதாயிரம் கோடி ஊழல்"னு கிளம்பிட்டாங்க. சான்றிதழ் வரலன்னா பணம் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஒழுங்கா செலவாச்சுன்னும் அர்த்தமில்ல, செலவு பண்ணவன் கணக்கு குடுக்கலன்னு மட்டும் தான் அர்த்தம், அதுவே பெரிய தப்பு தான். ஆனா அதே ரிப்போர்ட்ல அந்த பாக்கியில 14,452 கோடி 2016-17 வரைக்குமான பழைய பாக்கின்னும் இருக்கு, அந்த சமயத்துல கொஞ்ச காலம் ஆட்சியில பங்கு வச்சிருந்தவங்க தான் இப்ப ஊழல்னு கத்தினவங்க. ரிப்போர்ட்ட முழுசா படிச்சா ரெண்டு பேருக்குமே சங்கடம், அதான் ரெண்டு பேரும் முழுசா படிக்க மாட்டாங்க, படிச்சாலும் சொல்ல மாட்டாங்க.

சரி, உங்க குரூப்ல ஓடுற பெரிய நம்பருக்கு வர்றேன், எதுன்னு நீங்க சொல்லாட்டியும் எனக்கு தெரியும், தமிழ்நாட்டுல எந்த குடும்ப குரூப்லயும் அந்த ரெண்டு இல்லாம சண்டை நடக்காது. 1,76,000 கோடி ஒண்ணு, 66 கோடி ஒண்ணு.

முதல் நம்பர் 2ஜி செல்போன் அலைக்கற்றை விவகாரம், அதுல என்ன நடந்துச்சுன்னா, 2008 ஜனவரியில 122 லைசென்ஸ் குடுத்தாங்க, 2001ல ஏலத்துல நிர்ணயமான அதே விலைக்கு, இந்தியா முழுக்கவும்னா 1,658 கோடி. 2010 நவம்பர்ல சிஏஜி ரிப்போர்ட் வந்துச்சு. அதுல ஒரே ஒரு நம்பர் இல்ல, பல வழியில கணக்கு போட்டிருந்தாங்க, 57,000 கோடி சொச்சத்துல ஆரம்பிச்சு 1,76,645 கோடி வரைக்கும். அந்த மேல் எல்லை 2010ல நடந்த 3ஜி ஏலத்தோட விலைய பின்னாடி கொண்டு போய் 2008க்கு பொருத்தி வந்தது, ரிப்போர்ட்லயே அனுமான நஷ்டம்னு தான் போட்டிருக்கு. பின்னாடி சிபிஐ குற்றப்பத்திரிகையில போட்ட தொகை 30,984 கோடி. ஊர் ஞாபகத்துல எது நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் 2012 பிப்ரவரி 2ல சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸையும் ரத்து பண்ணுச்சு, குடுத்த முறையே சட்டத்துக்கு நிக்காதுன்னு. 2017 டிசம்பர் 21ல சிபிஐ ஸ்பெஷல் கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு, ஆதாரத்தோட நிரூபிக்கலன்னு. சிபிஐயோட அப்பீலை டெல்லி ஹைகோர்ட் 2024 மார்ச்சுல விசாரணைக்கு ஏத்துக்கிச்சு. உங்க குரூப்ல ஒருத்தருக்கு 2012 மட்டும் ஞாபகம் இருக்கும், இன்னொருத்தருக்கு 2017 மட்டும். ரெண்டு தீர்ப்பும் நிஜம், ஒண்ணை ஒண்ணு அடிக்கவும் இல்ல. கொடுத்த முறை தப்பான்னு கேட்டதுக்கு ஒரு கோர்ட் பதில் சொல்லுச்சு, குற்றம் நிரூபணம் ஆச்சான்னு கேட்டதுக்கு இன்னொரு கோர்ட் பதில் சொல்லுச்சு, கேள்வியே வேற வேற.

ஜெயலலிதா மேல இருந்த அந்த 66 கோடி சொத்து குவிப்பு வழக்குக்கு வந்தா, 2014 செப்டம்பர் 27ல பெங்களூர் ஸ்பெஷல் கோர்ட் தண்டனை, 2015 மே 11ல கர்நாடகா ஹைகோர்ட்ல விடுதலை. எங்க தணிக்கை ஆட்களுக்கு அந்த ஹைகோர்ட் தீர்ப்பு மறக்கவே மறக்காது, ஏன்னா அதுல பேங்க் கடன்னு பத்து தொகைய வரிசையா போட்டு கீழ கூட்டுத்தொகை 24.17 கோடின்னு எழுதியிருந்துச்சு. நீங்களே கால்குலேட்டர் எடுத்து தட்டினா 10.67 கோடி தான் வரும். 13.5 கோடி கூட்டல்லயே முளைச்சுது. அந்த கூட்டல வச்சு தான் வருமானத்துக்கு மீறின சொத்து வெறும் 8.12 சதவீதம், 10 சதவீதத்துக்குள்ள இருந்தா விட்டுடலாம்னு முடிஞ்சுது. 2017 பிப்ரவரி 14ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி கீழ் கோர்ட் தண்டனைய திரும்ப நிலைநிறுத்துச்சு, அதுக்குள்ள முதல் குற்றவாளியா இருந்தவர் இறந்துட்டதால மத்த மூணு பேர் தான் ஜெயிலுக்கு போனாங்க. இங்கயும் அதே கதை தான், 2015ல லட்டு குடுத்தவங்க 2017 பத்தி பேச மாட்டாங்க, 2017ல லட்டு குடுத்தவங்க தங்களோட கட்சி வழக்குல வந்தா விடுதலைய மட்டும் பேசுவாங்க. தீர்ப்ப படிக்கிறவனுக்கு முதல் வேலை கூட்டி பார்க்குறது, யாரோட தீர்ப்பா இருந்தாலும்.

இப்ப உங்க அடுத்த சந்தேகம், சாயாம கேட்க முடியுமான்னு. எனக்கு தோணுறத சொல்றேன், கட்சிகள் சண்டை போடுற விஷயத்தை விட ஒத்து போற விஷயத்தை பாருங்க, அங்க தான் விஷயமே இருக்கு. சிஏஜி ரிப்போர்ட் அரசியல் சாசனம் 151வது பிரிவுபடி மாநிலத்துல கவர்னருக்கு போய் அங்கிருந்து சட்டசபைக்கு வரணும், ஆனா எத்தனை நாளுக்குள்ள வரணும்னு அந்த பிரிவுல கிடையாது. அந்த ஓட்டைய எல்லாரும் சேர்ந்தே அனுபவிக்கிறாங்க. டெல்லியில 14 ரிப்போர்ட் சபைக்கு வராம கிடந்துச்சு, ஊழலை ஒழிக்கிறேன்னு பொறந்த ஆம் ஆத்மி கட்சியோட ஆட்சியில. எதிர்க்கட்சியா இருந்த பாஜக எம்எல்ஏக்கள் ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, கடைசியில ஆட்சி மாறி அவங்களே வந்த பிறகு தான் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. அப்படி கோர்ட்டுக்கு போன கட்சி ஆளுற இடத்துலயும், நாடாளுமன்றத்துலயும், நம்ம சட்டசபையிலயும் ரிப்போர்ட் பெரும்பாலும் கூட்டத்தொடர் முடியுற நேரத்துல தான் மேஜைக்கு வரும். வச்சாச்சு, கலைஞ்சாச்சு, விவாதம் எங்க நடக்கும், டீக்கடையில தான்.

சபைக்கு வந்த ரிப்போர்ட்ட அலசுறது பொது கணக்கு குழு. மத்தியில 1967ல இருந்து அதுக்கு எதிர்க்கட்சிக்காரர் தான் தலைவர்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆளுறவன் தன் கணக்கை தானே சரி பார்த்துக்க கூடாதுன்னு தான். தமிழ்நாட்டுல 2021ல அமைஞ்ச குழுவுக்கு தலைவரா வந்தவர் காங்கிரஸ் எம்எல்ஏ, காங்கிரஸ் ஆளும் கூட்டணியில. சட்டப்படி தப்பில்ல, நோக்கம் என்ன ஆச்சுன்னு மட்டும் யோசிங்க. மத்தியில எதிர்க்கட்சி தலைவர் இருந்தும் என்ன ஆகும்ங்கிறதுக்கு 2011 ஏப்ரல் 28 உதாரணம். பாஜகவோட முரளி மனோகர் ஜோஷி தலைமையில 2ஜி பத்தி வரைவு அறிக்கை வருது, குழுவுல 21 பேர், அதுல ஆளும் கூட்டணியும் வெளிய இருந்து ஆதரவு குடுத்தவங்களும் சேர்ந்து 11 பேர், ஜோஷி எழுந்து போனதும் சைஃபுதீன் சோஸ்னு அவங்க ஆளையே தலைவரா உட்கார வச்சு அறிக்கைய நிராகரிச்சுட்டாங்க. பிறகு நாடாளுமன்ற கூட்டுக்குழு ஒண்ணு தனியா உட்கார்ந்து 2013ல எதிர் முடிவுக்கு வந்துச்சு, அங்கயும் ஓட்டெடுப்பு 16க்கு 11ன்னு கட்சி வாரியா தான் பிரிஞ்சுது. ஃபைல் ஒண்ணு, முடிவு மட்டும் யார்கிட்ட ஒரு ஓட்டு அதிகமோ அவங்க முடிவு.

இன்னொண்ணு, இது செலவு சம்பந்தமானது, எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ். அரசு விளம்பரத்துல ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேற யார் போட்டோவும் போடாதீங்கன்னு 2015 மே 13ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. உடனே மறு ஆய்வு கேட்டு ஓடினது யார் யார் தெரியுமா, கர்நாடகா, மேற்கு வங்கம், தமிழ்நாடு, அதாவது காங்கிரஸ், திரிணாமுல், அதிமுக, மத்தியில பாஜக அரசும் அதுக்கு ஆதரவு. காவிரியில சேராதவங்க, ஜிஎஸ்டில சேராதவங்க, போட்டோ விஷயத்துல ஒரே வரிசையில நின்னாங்க. 2016 மார்ச் 18ல கோர்ட்டும் முதல்வர், அமைச்சர், கவர்னர் போட்டோவ போட்டுக்கலாம்னு தளர்த்திடுச்சு. உங்க அண்ணன்கிட்டயும் மாமாகிட்டயும் இதை சொல்லி பாருங்க, அன்னைக்கு ஒரு நாளாவது குரூப் அமைதியா இருக்கும்.

இப்ப நீங்க செய்யப்போற வேலைக்கு நேரா சம்பந்தப்பட்ட ஒண்ணு. 2025ல "உங்களுடன் ஸ்டாலின்"ங்கிற திட்ட பேரை எதிர்த்து அதிமுகவோட சி.வி. சண்முகம் கோர்ட்டுக்கு போனாரு, அரசு காசுல உயிரோட இருக்குற தலைவர் பேரை வைக்கலாமான்னு. கேள்வி அருமையான கேள்வி, நான் கூட கேட்டிருப்பேன். சென்னை ஹைகோர்ட் தடையும் போட்டுச்சு. ஆகஸ்ட் 6ல சுப்ரீம் கோர்ட் அந்த தடைய ரத்து பண்ணி, கேஸ் போட்டவருக்கு 10 லட்சம் அபராதமும் போட்டுச்சு, ஏன்னா இதே மாதிரி தலைவர்கள் பேர்ல எல்லா கட்சி ஆட்சியிலயும் திட்டம் இருக்க, ஒரே ஒரு கட்சியோட ஒரே ஒரு திட்டத்தை மட்டும் ஏன் பிடிச்சீங்கன்னு. எதிர் தரப்பு கைவசம் லிஸ்டே வச்சிருந்தாங்க, அம்மா உணவகம், அம்மா குடிநீர், அம்மா உப்புன்னு நாம எல்லாரும் பார்த்தது தானே. அபராதம் கொஞ்சம் ஓவர்ங்கிறது என் அபிப்பிராயம், அந்த கேள்விக்கே ஒரு பயம் காட்டின மாதிரி ஆயிடுச்சு. ஆனாலும் மனுவ அவர் ரெண்டு ஆட்சி திட்டத்தையும் சேர்த்து போட்டிருந்தா கோர்ட்டுக்கு அந்த வழி கிடைச்சிருக்காது.

அதனால உங்க மனுவ ரெண்டு ஆட்சிக்கும் சேர்த்து போடுங்க. தெருவுக்கு 2023ல போட்ட ரோட்டை மட்டும் கேட்டா அது மாமா சொல்லி குடுத்த மனு. அதே தெருவுக்கு 2011ல இருந்து இன்னைக்கு வரைக்கும் என்னென்ன வேலை நடந்துச்சு, எந்த திட்டத்துல, எவ்வளவு தொகை, யாருக்கு கான்ட்ராக்ட், எந்த தேதியில முடிஞ்சுதுன்னு கேட்டா அண்ணனும் பேச முடியாது, மாமாவும் காப்பி கேட்டு நிக்க மாட்டாரு. அம்மா ஆட்சியில தாய் திட்டம்னு ஒண்ணு ஓடுச்சு, திமுக ஆட்சியில அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சி திட்டம், பேர் தான் வேற, ரெண்டுலயும் வேலை ஏறக்குறைய அதே ரோடு, அதே குடிநீர், அதே சுடுகாட்டு பாதை. ஒரே தெருவுக்கு ரெண்டு பேர்லயும் எத்தனை தடவ பணம் இறங்கியிருக்குன்னு பாருங்க, எனக்கு ஆர்வமே அங்க தான்.

மனு எழுதுறது பெரிய விஷயமில்ல. பொது தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம்னு போட்டு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. ஆபீஸ் மாறி போயிடுமோன்னு பயப்படாதீங்க, தப்பான ஆபீஸுக்கு போனாலும் 6(3) பிரிவுபடி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான இடத்துக்கு தள்ளி விடணும். எதுக்கு கேட்குறீங்கன்னு காரணம் எழுத வேண்டியதே இல்ல, 6(2)ல அப்படியே இருக்கு, அதனால கவுன்ட்டர்ல யாராவது "உனக்கெதுக்குப்பா இதெல்லாம்"னு கேட்டா சிரிச்சுட்டு வந்துடுங்க. 30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கும் வழி இல்லன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு. ஆணையத்துல நாள் இழுக்கும், அதை மனசுல வச்சுக்கோங்க. ரோடு போட்டப்போ இருந்த தலைவர் பதவிகாலம் உங்க பக்கம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போயிடுச்சு, "அவர் இல்லையே, ரெக்கார்டு இல்லையே"ன்னு சொல்லி பார்ப்பாங்க, ஆள் போனாலும் ஃபைல் ஆபீஸ்ல தான் இருக்கணும், இல்லன்னா இல்லன்னு எழுத்துல குடுக்க சொல்லுங்க.

"ஏன் ரோடு மோசமா இருக்கு"ன்னு கேட்காதீங்க, அதுக்கு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஆர்டிஐல இல்ல, ஆவணம் தான் கேட்கணும். நிர்வாக அனுமதி உத்தரவு, எஸ்டிமேட், டெண்டர் விளம்பரம், வேலை உத்தரவு, எம்-புக், பில், தர சோதனை ரிப்போர்ட், இவ்வளவுக்கும் நகல். இதுல உயிர் எம்-புக். வேலை முடிஞ்சதும் ஓவர்சியர் அளந்து நீளம் அகலம் கனம்னு எழுதுற புத்தகம் அது, பில் அதை பார்த்து தான் பாஸ் ஆகும். நீளத்துலயும் அகலத்துலயும் யாரும் கை வைக்க மாட்டாங்க, ஏன்னா டேப் வச்சு யாரும் அளந்துடலாம். கனத்துல தான் எல்லாமே. எஸ்டிமேட்ல 80 எம்எம் பிளாக்னு இருக்கா 60ன்னு இருக்கான்னு பாருங்க, உங்க தெருவுல ஏற்கனவே பேந்து கிடக்குற கல்லை ஸ்கேல் வச்சு அளந்து போட்டோ எடுங்க, நட்டு இருக்குற கல்லை மட்டும் நீங்களா பிடுங்காதீங்க, அது உங்க மேல கேஸா திரும்பிடும். அடியில கிராவல் எத்தனை இன்ச், அதுக்கு மேல மணல் எத்தனை, ரெண்டு ஓரத்துலயும் கான்கிரீட் கட்டு போட்டதா கணக்கு இருக்கா, இருந்தா தரையில அது கண்ணுக்கு தெரியுதா. ஓரம் கட்டாத பிளாக் ரோடு ஒரு மழைக்கு விரிஞ்சுடும், கல்லு நல்ல கல்லா இருந்தாலும். ஆர்டிஐ சட்டம் 2(j)ல வேலைய நேர்ல பார்வையிடவும் பொருளை சாம்பிள் எடுக்கவும் உரிமை இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது, மனுவுலயே அதையும் சேர்த்து கேட்டுடுங்க.

டெண்டர் தேதிகளையும் பாருங்க. நம்ம ஊர் டெண்டர் வெளிப்படை சட்டம் 1998ல வந்தது, அதன் விதிப்படி 2 கோடி வரைக்குமான வேலைக்கு குறைஞ்சது 15 நாள் அவகாசம் குடுக்கணும், குறைச்சா ஏன் குறைச்சோம்னு மேலதிகாரி எழுதி வச்சிருக்கணும். இன்னொரு பழைய வேலை, ஒரே ரோட்டை "மாரியம்மன் கோயில் முதல் டேங்க் வரை", "டேங்க் முதல் பள்ளிக்கூடம் வரை"ன்னு துண்டு துண்டா பிரிச்சு தனித்தனி வேலையா காட்டுறது, தொகை சின்னதாயிட்டா மேல யார் அனுமதியும் வேண்டாம்னு. அதனால தான் பக்கத்து தெரு வேலையையும் சேர்த்து கேளுங்கங்கிறேன்.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். ரோடு போட்ட பிறகு குடிநீர் பைப்புக்காக யாராவது தோண்டினாங்களா? தோண்டிட்டு சரியா மூடாம விட்டிருந்தா அந்த இடத்துல தான் உள்வாங்கும், அப்ப கான்ட்ராக்டர குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, தோண்டின வேலையோட எஸ்டிமேட்ல ரோட்டை பழையபடி சரி பண்றதுக்கு காசு போட்டிருக்காங்களான்னு பார்க்கணும். பேந்து கிடக்குறத பார்த்ததும் திருட்டுன்னு முடிவு பண்ணிட்டு ஆவணத்தை தேடினீங்கன்னா உங்களுக்கும் உங்க மாமாவுக்கும் வித்தியாசம் இல்லாம போயிடும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகல் கைக்கு வந்த பிறகு அடுத்து எது வருதோ அதுல எழுந்து நின்னு எம்-புக்ல இருக்குற அளவை வாசிங்க, தரையில இருக்குற அளவையும் வாசிங்க, ரெண்டையும் தீர்மான நோட்டுல எழுத சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். திருடன், கொள்ளைன்னு சபையிலயோ குரூப்லயோ போட்டீங்கன்னா பேச்சு உடனே அவதூறுக்கு மாறிடும், கேஸும் உங்க மேல வரும், ரோடு அப்படியே கிடக்கும். தனியா போகாதீங்க. ரோடு விஷயத்துல கேள்வி கேட்டவங்க அடி வாங்கின ஊர்கள் இருக்கு. மனுவ உங்க பேர்ல மட்டும் போடாம தெருக்காரங்க நாலஞ்சு பேர் ஆளுக்கொரு மனு போடுங்க, அதுல அண்ணன் கட்சிக்காரர் ஒருத்தர் இருந்தா இன்னும் நல்லது, அந்த ரோட்டுல அவர் வண்டியும் தானே குலுங்குது.

மாமா கேட்ட காப்பிக்கு வர்றேன். குடுங்க, ஆனா முதல்ல அவருக்குன்னு இல்ல. எல்லா பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே நேரத்துல குடும்ப குரூப்ல போட்டுடுங்க, சிவப்பு வட்டம், அம்புக்குறி, கமென்ட் எதுவும் இல்லாம, 2011ல இருந்து வரிசையா. தனக்கு வேணுங்கிற பக்கத்தை மட்டும் அவர் வெட்டி வெளிய அனுப்பினா மீதி பக்கத்தை அண்ணன் அனுப்பிடுவாரு, அதை நீங்க செய்ய வேண்டியதில்ல.

எம்-புக் நகல் பக்கத்துக்கு 2 ரூபா கேட்பாங்க, கட்டிடுங்க. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், சுருக்கெழுத்து வேற, முதல் தடவ பார்த்தா தலை சுத்தும். கான்ட்ராக்டர் பேர், அதிகாரிங்க பேரையெல்லாம் மறைச்சுட்டு எஸ்டிமேட்டோட சேர்த்து எனக்கு அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எந்த வரியில இடிக்குதுன்னு குறிச்சு அனுப்புறேன்.